பணம் போகவில்லை, வரவில்லை, காணவில்லை: கிரிப்டோ வாலட் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

எந்தப் பட்டனையும் அழுத்தும் முன் ஒரு வேலை இருக்கிறது. வாலட் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு, அதன் ஹேஷை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்களும் எழுத்துகளுமாக நீளமாக இருக்கும் அந்தச் சரம்தான் உங்கள் ரசீது.

வாலட்டுக்குள் காசு கிடையாது, சாவி மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு காசு, யாருடையது என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பேரேட்டில் இருக்கிறது. செயலி தவறாகக் காட்டலாம், பழைய இருப்பைக் காட்டலாம், ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம். பேரேட்டைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைப் படித்துக் காட்டும் தளத்துக்கு எக்ஸ்ப்ளோரர் என்று பெயர், ஒவ்வொரு பிளாக்செயின் நெட்வொர்க்குக்கும் தனித்தனி. எத்தீரியத்துக்கு ஈதர்ஸ்கேன், டிரானுக்கு டிரான்ஸ்கேன், பிஎன்பி ஸ்மார்ட் செயினுக்கு பிஎஸ்சிஸ்கேன், பிட்காயினுக்கு மெம்பூல் டாட் ஸ்பேஸ். அங்கே ஹேஷை ஒட்டித் தேடினால் நிலுவை, தோல்வி, வெற்றி என்ற மூன்றில் ஒன்று வரும். கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியும் ஹேஷே கொடுக்கப்படவில்லை என்றால் காசு இன்னும் எக்ஸ்சேஞ்சின் உள்கணக்கை விட்டு வெளியே வரவில்லை. அப்போது பிளாக்செயினைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த எக்ஸ்சேஞ்சிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல், பதற்றத்தில் இரண்டாம் முறை அனுப்பியும் யாரோ ஒருவரிடம் "உதவி" கேட்டும் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள்.

"அனுப்பி மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் நிலுவைன்னே நிக்குது"

பிட்காயின் என்றால் அது மெம்பூலில் காத்திருக்கிறது. மெம்பூல் ஒரே இடத்தில் இருப்பதல்ல. நெட்வொர்க்கை நடத்தும் கணினியான ஒவ்வொரு நோடும் தன்னிடம் ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கிறது, அதுதான் மெம்பூல். பரிவர்த்தனைகளின் தொகுப்பான பிளாக் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வரும், அதில் இடம் குறைவு. பிளாக்கை உருவாக்கும் மைனர்கள் நீங்கள் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை. பரிவர்த்தனையின் அளவில் ஒரு விர்ச்சுவல் பைட்டுக்கு எத்தனை சடோஷி கட்டணம் தருகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி.

"பைட்டுக்கு" என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். ஒரே இடத்தில் வாங்கிய பிட்காயினை ஒருவருக்கு அனுப்பி, மீதியைத் தனக்கே திருப்பிக்கொள்ளும் இன்றைய சாதாரணப் பரிவர்த்தனை ஏறக்குறைய 140 விர்ச்சுவல் பைட் வரும். அதே தொகையை 20 தடவையாகச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தால் 1,400ஐத் தாண்டிவிடும். காரணம் யூடிஎக்ஸ்ஓ. பிட்காயின் பேரேட்டில் "இருப்பு" என்ற ஒற்றை எண் கிடையாது. உங்களுக்கு வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனி நாணயமாகவே கிடக்கிறது. உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொடுத்தால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருப்பது போல, 20 நாணயத்துக்கும் தனித்தனிக் கையெழுத்து போடவேண்டும். அதனால் கட்டணமும் பத்து மடங்கு.

கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஏப்ரல் 20ஐப் பார்க்கலாம். மைனர் வெகுமதி 6.25இலிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியான 840,000ஆவது பிளாக்கில் ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் (பேரேட்டின் மேல் புதிதாக உருவாக்கப்படும் காசு) முறையும் தொடங்கியது. அந்த ஒரே பிளாக்கில் கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் கட்டப்பட்டது. அன்று வழக்கமான கட்டணத்தில் அனுப்பியவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

தீர்வு மூன்று. அனுப்பியவர் நீங்கள் என்றால், வாலட்டில் கட்டணத்தை உயர்த்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். அதற்கு ஆர்பிஎஃப் என்று பெயர். அதே நாணயத்தைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி கையெழுத்திட்டு, பழைய பரிவர்த்தனைக்குப் பதிலாக வைப்பது. நோடுகளில் ஓடும் மென்பொருளான பிட்காயின் கோரின், 2024 அக்டோபரில் வந்த 28ஆம் பதிப்பு முதல், "மாற்றலாம்" என்று முன்கூட்டிக் குறிக்காத பரிவர்த்தனைகளையும் இப்படி மாற்ற நோடுகள் இயல்பாகவே இடம்தருகின்றன. பெறுபவர் நீங்கள் என்றால் சிபிஎஃப்பி. இன்னும் உறுதியாகாத அந்தக் காசையே எடுத்து, அதிகக் கட்டணத்தோடு உங்களுக்கே அனுப்பிக்கொள்ள வேண்டும். மகன் பரிவர்த்தனையின் கட்டணம் வேண்டுமென்றால் மைனர் தந்தையையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். மூன்றாவது, சும்மா இருப்பது. பிட்காயின் கோரின் இயல்பமைப்பில் 14 நாள் ஆனால் பரிவர்த்தனை பட்டியலிலிருந்து விழுந்துவிடும், காசு உங்களிடமே இருக்கும்.

எத்தீரியத்தில் கதை வேறு. அங்கே இருப்பு ஒற்றை எண்தான், ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு. நீங்கள் அனுப்பும் முதல் பரிவர்த்தனை 0, அடுத்தது 1, அதற்கடுத்தது 2. இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. 7ஆம் எண் குறைந்த கட்டணத்தால் மாட்டிக்கொண்டால், நீங்கள் எவ்வளவு தாராளமாகக் கட்டணம் வைத்தாலும் 8, 9, 10 எல்லாம் அதன் பின்னால் நிற்கும். "நாலு தடவை அனுப்பிட்டேன், நாலும் நிக்குது" என்று வருபவர்களின் கோளாறு இதுதான். கடைசியாக அனுப்பியதைச் சரிசெய்து பயனில்லை, மிகச் சிறிய நான்ஸ் உள்ளதைப் பிடிக்க வேண்டும்.

அதைப் பிடித்தபின், அதே நான்ஸில் கூடுதல் கட்டணத்தோடு இன்னொன்றை அனுப்புங்கள். பழையதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூட்டாவிட்டால் நோடுகள் ஏற்காது. ரத்து செய்வதும் இதே வேலைதான். அதே நான்ஸில், உங்கள் முகவரிக்கே, 0 ஈதர் (எத்தீரியத்தின் சொந்தக் காசு). மெட்டாமாஸ்க் வாலட்டில் "வேகப்படுத்து", "ரத்து செய்" என்ற பொருளில் இருக்கும் இரண்டு பட்டன்களும் உள்ளே இதைத்தான் செய்கின்றன. ஏற்கெனவே பிளாக்கில் ஏறிவிட்டதை எந்தப் பட்டனாலும் ரத்து செய்ய முடியாது.

கட்டணத்தில் எந்தப் பகுதியைக் கூட்டுவது? 2021 ஆகஸ்ட் 5இல் நடந்த லண்டன் மேம்பாட்டுக்குப் பிறகு எத்தீரியக் கட்டணம் இரண்டு துண்டு. அடிப்படைக் கட்டணத்தை நெட்வொர்க்கே நிர்ணயித்து எரித்துவிடுகிறது. பிளாக் நிரம்பி வழிந்தால் அடுத்த பிளாக்கில் அதிகபட்சம் 12.5 சதவீதம் ஏறும், காலியாக இருந்தால் அதே அளவு இறங்கும். டிப் என்ற முன்னுரிமைக் கட்டணம் பிளாக்கை உருவாக்குபவருக்குப் போகிறது. நீங்கள் வைத்த உச்சவரம்பு இன்றைய அடிப்படைக் கட்டணத்துக்கும் கீழே இருந்தால், டிப்பை எவ்வளவு கூட்டினாலும் நகராது. மாற்றும்போது இரண்டையும் கூட்டுங்கள்.

"காசு இருக்கு, அனுப்ப மட்டும் முடியல"

திருப்பூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், வெளிநாட்டு நிறுவனத்துக்கு டிசைன் வேலை செய்து டாலருக்கு இணையான மதிப்பில் வைக்கப்படும் யுஎஸ்டிடி டோக்கனில் கூலி வாங்குகிறான். ஒரு நாள் போனோடு நேரே வந்துவிட்டான்.

"அண்ணே, 340 யுஎஸ்டிடி இருக்கு. 50 அனுப்பறேன்னா போதிய இருப்பு இல்லைங்குது."

"டிஆர்எக்ஸ் எவ்வளவு வெச்சிருக்க?"

"அது எதுக்குண்ணே? நான் வாங்கவே இல்லையே."

அதுதான் கோளாறு. அவன் வைத்திருக்கும் யுஎஸ்டிடி டிரான் சாலையில் ஓடும் வண்டி. சுங்கம் டிரானின் சொந்தக் காசான டிஆர்எக்ஸில்தான் கட்ட முடியும். எத்தீரியத்தில் ஈதர், பிஎன்பி செயினில் பிஎன்பி, பாலிகானில் பிஓஎல். வாலட்டில் யுஎஸ்டிடி லட்சக்கணக்கில் இருந்தாலும் இந்தச் சில்லறை இல்லாவிட்டால் ஒரு சதம்கூட நகராது.

டிரானில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே கட்டணம் பேண்ட்விட்த், எனர்ஜி என இரண்டு வகை. பேண்ட்விட்த் ஒவ்வொரு கணக்குக்கும் நாளொன்றுக்கு 600 இலவசம். சாதாரணமாக டிஆர்எக்ஸ் அனுப்ப அது போதும். யுஎஸ்டிடி ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பேரேட்டிலேயே ஓடும் நிரல்) என்பதால் அதற்கு எனர்ஜியும் வேண்டும், அது இலவசம் இல்லை. பெறுபவரிடம் ஏற்கெனவே யுஎஸ்டிடி இருந்தால் ஏறக்குறைய 65,000 எனர்ஜி, ஒன்றுமே இல்லாத புது முகவரி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. தம்பி என் போனிலிருந்து கொஞ்சம் டிஆர்எக்ஸ் வாங்கி அனுப்பிப் பார்த்தும் முதல் தடவை தோற்றதற்குக் காரணம் இதுதான். அவன் நண்பனின் முகவரி புதிது. இன்னும் கொஞ்சம் போட்டதும் போய்விட்டது.

இதே கோளாறை வைத்து ஒரு தூண்டில் இருக்கிறது. யாரோ ஒருவர் "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உதவுங்கள்" என்று தன் வாலட்டின் சாவியான 12 சொற்களைப் பொதுவெளியில் போட்டிருப்பார். திறந்தால் ஆயிரக்கணக்கில் யுஎஸ்டிடி, டிஆர்எக்ஸ் மட்டும் இல்லை. ஆசைப்பட்டு நீங்கள் டிஆர்எக்ஸ் போடுவீர்கள். அந்தக் கணக்கின் அனுமதி வேறொரு சாவிக்கு மாற்றப்பட்டிருக்கும், உங்களிடம் உள்ள 12 சொற்களால் எதையும் எடுக்க முடியாது. நீங்கள் போட்ட டிஆர்எக்ஸ் அவருடையதாகிவிடும்.

"தோல்வின்னு வந்துச்சு, ஆனா கட்டணம் மட்டும் போயிருச்சு"

இது திருட்டு அல்ல. தோற்ற பரிவர்த்தனையையும் கணினிகள் ஓட்டிப் பார்த்துத்தான் தோல்வி என்று முடிவு செய்தன. அந்த உழைப்புக்கான கூலி திரும்பாது, அனுப்ப இருந்த தொகை அப்படியே உங்களிடம் இருக்கும். அந்த உழைப்பை அளக்கும் அலகுக்குக் கேஸ் என்று பெயர். எக்ஸ்ப்ளோரரில் கேஸ் வரம்பையும், செலவான கேஸையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் வரம்பு போதவில்லை. வெறும் ஈதர் அனுப்ப 21,000 அலகு, ஸ்மார்ட் கான்ட்ராக்டைத் தொட்டால் அதைவிட அதிகம். நீங்களாகக் குறைத்து வைக்காமல் வாலட் சொல்லும் அளவையே விடுங்கள்.

வரம்பில் மிச்சம் இருந்தும் தோற்றால், கான்ட்ராக்டே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றும்போது பெரும்பாலும் காரணம் ஸ்லிப்பேஜ். நீங்கள் அழுத்திய கணத்துக்கும் பிளாக்கில் ஏறிய கணத்துக்கும் இடையே விலை நகர்ந்து, நீங்கள் வைத்த சகிப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே எல்லையை 10, 15 சதவீதம் என்று ஏற்றிவிடாதீர்கள். மெம்பூலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பாட் என்ற தானியங்கி நிரல்கள் உங்களுக்கு முன்னால் வாங்கி விலையை ஏற்றி, பின்னால் விற்று, நீங்கள் அனுமதித்த அந்த 15 சதவீதத்தையும் உருவிக்கொள்ளும். சாண்ட்விச் தாக்குதல் என்பது இதுதான். பரிவர்த்தனைகளின் வரிசையை மாற்றிச் சம்பாதிக்கும் எம்இவி என்ற பெரிய தொழிலில் இது ஒரு பிரிவு. தொகையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மாற்றுவது நல்லது. வாங்க முடிகிறது, விற்கத்தான் முடியவில்லை என்றால் எல்லையோ கட்டணமோ காரணமல்ல. அந்த டோக்கனே ஹனிபாட், விற்பனையைத் தடுக்கும்படி எழுதப்பட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கட்டணம்கூடச் செலவழிக்க வேண்டாம்.

எத்தீரியத்தில் யுஎஸ்டிடிக்குக் கொடுத்த அனுமதி அளவை மாற்றும்போது தோற்கிறதா? அந்தப் பழைய கான்ட்ராக்டில், இருக்கும் அனுமதியை முதலில் 0 ஆக்கிவிட்டுத்தான் புது எண்ணை எழுத முடியும்.

"வெற்றின்னு காட்டுது, எனக்கு வந்து சேரல"

என்னைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் மீட்க முடிவதும் இதுதான். ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

பெறும் இடம் எக்ஸ்சேஞ்ச் என்றால், அவர்கள் கேட்கும் உறுதிப்படுத்தல்கள் (உங்கள் பரிவர்த்தனை ஏறியபின் அடுக்கப்படும் பிளாக்குகள்) முடிந்தனவா? பிட்காயினில் 6 பிளாக் என்பது பழைய மரபு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். எத்தீரியத்தில் ஒரு பிளாக் இனி மாறவே மாறாது என்ற இறுதி நிலையை எட்ட 12 விநாடி வீதம் 64 இடைவெளிகள், சுமார் 13 நிமிடம்.

பெறும் இடம் உங்கள் சொந்த வாலட் என்றால், எக்ஸ்ப்ளோரரில் உங்கள் முகவரியைப் போட்டு டோக்கன் பட்டியலைப் பாருங்கள். அங்கே இருந்தால் காசு வந்துவிட்டது, செயலிக்கு அந்த டோக்கனைக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரியைச் செயலியில் சேர்த்தால் தெரியும். அந்த முகவரியை டோக்கன் வெளியிட்டவரின் தளத்திலிருந்து எடுங்கள், அதே பெயரில் போலிகள் ஏராளம்.

அங்கும் இல்லையா? நெட்வொர்க் மாறியிருக்கலாம். எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகான், ஆர்பிட்ரம் எல்லாவற்றிலும் முகவரி 0எக்ஸ் என்று தொடங்கி 42 எழுத்து இருக்கும். ஒரே சாவிக்கு எல்லாவற்றிலும் ஒரே முகவரி. எத்தீரியத்துக்கு என்று நினைத்து பிஎன்பி செயினில் அனுப்பியிருந்தால், வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்ததும் காசு அங்கே உட்கார்ந்திருக்கும். அதன் செயின் ஐடி 56, பாலிகானுக்கு 137, எத்தீரியத்துக்கு 1. டிரான் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து. அமைப்பே வேறு என்பதால் வாலட்டே பெரும்பாலும் தடுத்துவிடும்.

இந்த வைத்தியம் பலிக்காத இடம் ஒன்று உண்டு. முகவரி ஒரு சாவியுடையதாக இல்லாமல் பல சாவிகள் சேர்ந்து திறக்கும் மல்டிசிக் போன்ற கான்ட்ராக்ட் வாலட்டாக இருந்தால், ஒரு செயினில் இருப்பது இன்னொன்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022இல் விண்டர்மியூட் என்ற கிரிப்டோ வணிக நிறுவனத்துக்கு ஆப்டிமிசம் நெட்வொர்க்கின் 2 கோடி டோக்கன்கள் அனுப்பப்பட்டன. அவர்கள் கொடுத்தது எத்தீரியத்தில் இருந்த மல்டிசிக் முகவரி, ஆப்டிமிசத்தில் அந்த வாலட் இன்னும் உருவாக்கப்படவே இல்லை. அவர்கள் உருவாக்கும் முன் வேறொருவர் அதே முகவரியில் தன் வாலட்டை உருவாக்கி எடுத்துக்கொண்டார். பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கும் இது நடக்கிறது என்பதால், தவறு செய்ததற்காக வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்சின் முகவரிக்குத் தவறான நெட்வொர்க்கில் போனால் சாவி அவர்களிடம் இருக்கிறது. ஹேஷ், தொகை, நெட்வொர்க் மூன்றையும் எழுதிப் புகார் டிக்கெட் போடுங்கள். சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். அதேபோல்தான் டேக், மெமோ. எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர், டான் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்சுகள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரி வைத்திருக்கும். அது அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவு எண் என்றால் டேக்தான் வீட்டு எண். 2021இல் நான் டேக் போடாமல் எக்ஸ்ஆர்பி அனுப்பிவிட்டு, டிக்கெட் மேல் டிக்கெட் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது. அன்றிலிருந்து புது முகவரி எதுவானாலும் முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்க்காமல் பெருந்தொகை அனுப்புவதில்லை.

எக்ஸ்ஆர்பி வாலட்டில் கடைசி 1 எக்ஸ்ஆர்பியை எடுக்க முடியவில்லை என்றால் கோளாறு இல்லை. கணக்கு உயிரோடு இருக்கப் பேரேடு பிடித்துவைக்கும் தொகை அது. 2024 டிசம்பர் வரை 10 ஆக இருந்தது.

"நான் அனுப்பவே இல்ல, காசு போயிருக்கு"

இங்கேதான் வேகம் வேண்டும், அதோடு நிதானமும். வெளியேறிய பரிவர்த்தனையை எக்ஸ்ப்ளோரரில் திறந்து, அதைத் தொடங்கியவர் யார் என்று பாருங்கள்.

தொடங்கியது உங்கள் முகவரியே, ஆனால் நீங்கள் செய்யவில்லை என்றால் சாவி கசிந்துவிட்டது. அந்த வாலட்டைக் காப்பாற்ற வழியே இல்லை. கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை, அது உங்கள் போனில் இருக்கும் பூட்டுக்குத்தான். வேறு கருவியில் புதிய 12 சொற்களோடு புது வாலட் உருவாக்கி, மிச்சம் இருப்பதை மதிப்பு கூடியதிலிருந்து நகர்த்துங்கள். பழைய வாலட்டில் கட்டணத்துக்காக ஈதர் போட்டதும் அது சில விநாடியில் மறைகிறதா? வருவதை உடனே சுருட்டும் தானியங்கி நிரலான ஸ்வீப்பர் பாட் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி மறுபடி போடாதீர்கள்.

தொடங்கியது வேறொரு முகவரி என்றால் சாவி பத்திரம், கசிந்தது அனுமதி. டோக்கனை ஒரு தளத்தில் பயன்படுத்தும் முன் அப்ரூவல் கொடுப்போம். "என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை நீயே எடுத்துக்கொள்" என்ற ஒப்புதல் அது. பல தளங்கள் எல்லையற்ற அளவையே கேட்கும், நாமும் ஒப்புக்கொள்வோம். வாலட்டை அந்தத் தளத்திலிருந்து துண்டித்தாலும் அனுமதி பேரேட்டில் அப்படியே இருக்கும். மாதங்கள் கழித்தும் எடுக்கலாம். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ தளத்தின் முகப்பில் தீய நிரலைச் செருகி, பயனர்களிடம் இப்படி அனுமதி வாங்கியே சுமார் 12 கோடி டாலர் எடுத்தார்கள். அடியில் இருந்த கான்ட்ராக்டுகளில் ஓட்டை எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது: ஈதர்ஸ்கேனில் டோக்கன் அனுமதிகளைச் சோதிக்கும் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, தெரியாத ஒவ்வொன்றையும் ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு ரத்தும் ஒரு பரிவர்த்தனை, கட்டணம் உண்டு. எல்லா நெட்வொர்க்கிலும் தனித்தனியாகச் செய்யவேண்டும்.

"நான் எதையும் அப்ரூவ் பண்ணல, சும்மா சைன் மட்டும் பண்ணேன், கட்டணம்கூடக் கேட்கல" என்பார்கள். பர்மிட் என்ற முறையில் அனுமதியை வெறும் கையெழுத்தாகவே கொடுத்துவிடலாம். நீங்கள் போட்ட கையெழுத்தைத் திருடன் தன் கட்டணத்தில் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறான். கட்டணம் கேட்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025 மே 7இல் வந்த பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு, ஒரே கையெழுத்தில் உங்கள் கணக்கின் நடத்தையையே ஒரு கான்ட்ராக்டிடம் ஒப்படைக்கவும் முடியும். ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரிக்கு அப்படி ஒரு ஒப்படைப்பு பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"வரலாற்றுல நான் அனுப்பாத 0 தொகை ஒண்ணு இருக்கு"

இன்னும் எதுவும் போகவில்லை, உங்களுக்கு விஷம் வைத்திருக்கிறார்கள். முகவரி நஞ்சூட்டல் என்பார்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் அச்சு அசலாக இருக்கும் இன்னொரு முகவரியை உருவாக்குகிறார்கள். ஒரு எழுத்துக்கு 16 வாய்ப்பு. எட்டு எழுத்தும் பொருந்த ஏறக்குறைய 429 கோடி முயற்சி வேண்டும். மனிதக் கணக்கில் பெரிது, கணினிக்குச் சிறு வேலை. பிறகு யுஎஸ்டிடி கான்ட்ராக்டில் 0 தொகையை யார் கணக்கிலிருந்தும் அனுமதியின்றி "அனுப்ப" முடியும் என்பதைப் பயன்படுத்தி, நீங்களே அந்தப் போலி முகவரிக்கு அனுப்பியதுபோல் வரலாற்றில் ஒரு வரியைச் செருகுகிறார்கள். செயலி நடு எழுத்துகளைப் புள்ளி வைத்து மறைத்துவிடும். அடுத்த தடவை நீங்கள் வரலாற்றிலிருந்து நகலெடுப்பீர்கள்.

2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 ரேப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவம்), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, போலி முகவரிக்கு அனுப்பினார். முன்னதாக ஒரு சிறு தொகை அனுப்பிச் சோதித்தும் இருந்தார். சோதனைக்கும் பெருந்தொகைக்கும் நடுவே நஞ்சு செருகப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பியது அபூர்வம். ஆகவே சோதனை அனுப்பியபின், அதே முகவரியைப் பெறுபவரிடமிருந்து வந்த மூலத்திலிருந்தே மறுபடி எடுங்கள், நடுவில் உள்ள ஆறேழு எழுத்துகளை விரல் வைத்துப் படியுங்கள். வரலாற்றுப் பட்டியலிலிருந்து நகலெடுக்கும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும்.

"12 சொல்லும் சரியாப் போட்டேன், வாலட் காலியா இருக்கு"

பீரோவில் மடித்து வைத்த காகிதத்தை எடுத்து வந்து இதைச் சொல்பவர்களின் முகம் எனக்கு மறப்பதில்லை. பெரும்பாலும் காசு இருக்கும், கதவுதான் வேறு.

சீட் சொற்கள் எனப்படும் இந்தச் சொற்கள் 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. முதல் நான்கு எழுத்திலேயே ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடும். கையெழுத்து மங்கியிருந்தால் அந்த நான்கை மட்டும் படித்தால் போதும். 12 சொற்களில் கடைசி 4 பிட் சரிபார்ப்புக்கானது. ஒரு சொல் மாறினால் வாலட் "செல்லாது" என்று சொல்ல வேண்டும், ஆனால் 16இல் ஒரு வாய்ப்பில் அந்தத் தவறும் செல்லுபடியாகி, யாருக்கும் சொந்தமில்லாத காலி வாலட்டைத் திறந்துவிடும்.

சொற்கள் சரி என்றால் அடுத்தது டெரிவேஷன் பாதை. ஒரே 12 சொற்களிலிருந்து கணக்கற்ற முகவரிகள் கிளைக்கும், எந்தக் கிளையைப் பார்ப்பது என்பது வாலட்டின் வழக்கம். பிட்காயினில் பழைய முகவரி 1இல் தொடங்கினால் 44ஆம் பாதை, 3 என்றால் பெரும்பாலும் 49, பிசி1க்யூ என்றால் 84, பிசி1பி என்றால் 86. பழைய ரசீதிலோ எக்ஸ்சேஞ்சின் வரலாற்றிலோ அந்த முகவரியைத் தேடிப் பிடித்தால் வேலை பாதி முடிந்தது. எத்தீரியத்திலும் மெட்டாமாஸ்க் ஒரு விதமாகவும், லெட்ஜர் நிறுவனத்தின் செயலி வேறு விதமாகவும் இரண்டாம் கணக்கை எண்ணுகின்றன. அதனால் முதல் கணக்கு தெரிந்து இரண்டாவது காணாமல் போவதுண்டு. எலெக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தன் சொந்த முறையில் சொற்களை உருவாக்குகிறது, அவற்றை எலெக்ட்ரமிலேயே திறவுங்கள். தொடர்ந்து 20 முகவரிகள் காலியாக இருந்தால் வாலட்டுகள் பொதுவாகத் தேடலை நிறுத்திவிடும். அதற்கு அப்பால் காசு இருந்தால் தேடல் எல்லையைக் கூட்ட வேண்டும்.

கடைசியாக, சொற்களோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் ரகசியமான பாஸ்ஃபிரேஸ் வைத்தீர்களா? 13ஆவது அல்லது 25ஆவது சொல் என்பார்கள். இதில் தவறு என்பதே கிடையாது. எதைத் தட்டினாலும் ஒரு வாலட் திறக்கும், ஒரு இடைவெளி கூடினாலும் வேறு வாலட். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கடைசி இடைவெளி என்று அன்று உங்கள் விரல் போயிருக்கக்கூடிய வகைகளை எழுதிவைத்து முயலுங்கள். இதையெல்லாம் இணையதளம் எதிலும் தட்டாமல், சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்ட்வேர் வாலட்டிலோ இணையம் துண்டித்த கணினியிலோ மட்டும் செய்யுங்கள்.

"லேயர் 2ல இருந்து எடுத்து ஏழு நாள் ஆச்சு"

லேயர் 2 என்பது எத்தீரியத்தின் மேல் ஓடும் துணை நெட்வொர்க். அவற்றில் ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் இரண்டும் ஆப்டிமிஸ்டிக் ரோலப் என்ற வகை. பரிவர்த்தனைகளை முதலில் நம்பிவிட்டு, யாராவது பொய் என்று நிரூபிக்க ஏறக்குறைய ஏழு நாள் அவகாசம் விடுகின்றன. அவகாசம் முடிந்தாலும் காசு தானாக வராது. நெட்வொர்க்குகளுக்கு இடையே காசை நகர்த்தும் அதிகாரப்பூர்வ பிரிட்ஜ் பக்கத்துக்குத் திரும்பப் போய், எத்தீரியத்தில் கட்டணம் கட்டி நீங்களே பெற்றுக்கொள்ள வேண்டும். ஆப்டிமிசத்தில் நடுவே நிரூபிக்கும் படி ஒன்றும் உண்டு. அதைச் செய்யாவிட்டால் ஏழு நாள் எண்ணிக்கையே தொடங்காது.

"வித்தேன், 1 சதவீதம் குறைஞ்சு வந்துச்சு. பேங்க் கணக்கும் முடங்கிருச்சு"

முதலாவது, 2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிடிக்கப்படும் டிடிஎஸ். உங்கள் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தில் அது வந்திருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் எக்ஸ்சேஞ்சிடம் கேளுங்கள்.

இரண்டாவது கனமானது. ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி முறையில் உங்களிடம் வாங்கியவர் அனுப்பிய ரூபாய், வேறெங்கோ மோசடியில் பறிக்கப்பட்டதாக இருந்தால், அந்தப் பணம் போன தடம் முழுதும் சைபர் போலீஸார் கணக்குகளை நிறுத்திவைப்பார்கள். கிளைக்கு நேரில் போய், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, நிறுத்தப்பட்டது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பி2பி ஆர்டர் விவரம், உரையாடல், டோக்கன் விடுவித்த ஹேஷ், வங்கி அறிக்கை நான்கையும் அந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விடுவிக்கும்படி எழுதிக் கேட்கலாம்.

எக்ஸ்சேஞ்சே முடங்கிவிட்டால் நிலைமை வேறு. 2024 ஜூலை 18இல் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸின் மல்டிசிக் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனபோது, அந்தத் தாக்குதலில் தொடப்படாத வேறு டோக்கன் வைத்திருந்தவர்களும் எடுக்க முடியாமல் நின்றார்கள். அங்கே வாடிக்கையாளர்களிடம் சாவி இல்லை, கணக்கில் ஒரு எண்தான் இருந்தது. அப்படி எக்ஸ்ஆர்பி மாட்டிக்கொண்ட ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோ ஒரு சொத்துதான், பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்களுடையதும் மாட்டியிருந்தால் இருப்பின் படம், பணம் போட்ட ரசீதுகள், அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இன்றே பதிவிறக்கி வையுங்கள். தளம் மூடிய பிறகு எடுக்க முடியாது.

"மீட்டுத் தர்றேன்னு ஒருத்தர் மெசேஜ் பண்ணியிருக்கார்"

திருட்டு நடந்ததை நீங்கள் எங்காவது எழுதிய சில நிமிடத்தில் இந்தச் செய்தி வரும். பிளாக்கில் ஏறியதைத் திருப்பும் மென்பொருள் எதுவும் கிடையாது. "முன்பணம்", "வாலட்டை ஒத்திசைக்க 12 சொற்கள்", "முடக்கத்தை நீக்க வரி" என்று கேட்கும் எவரும் இரண்டாம் திருடர்தான். எந்த வாலட் நிறுவனத்தின் உதவிப் பிரிவும் உங்கள் சொற்களைக் கேட்காது.

உண்மையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை முதல் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். திருடப்பட்ட காசு போன முகவரியை எக்ஸ்ப்ளோரரில் பின்தொடருங்கள். அது பெயரிடப்பட்ட எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் முகவரிக்குள் நுழைந்தால், அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு ஹேஷோடு உடனே எழுதுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஹேஷ், உங்கள் முகவரி, அவன் முகவரி, டோக்கனும் நெட்வொர்க்கும், தொகை, இந்திய நேரப்படி நடந்த மணி, நீங்கள் கையெழுத்திட்ட தளத்தின் முழு முகவரி. எக்ஸ்ப்ளோரர் காட்டும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசி, அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி எழுதுங்கள்.